கப்பியில் ஆண் எது, பெண் எது? வீட்டில் வண்ணமீன் குஞ்சு எடுக்க ஒரு பாடம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் கடையில் போய் ஐந்து ஜோடி கப்பி கேட்டேன். கடைக்காரர் வலையைக் கையில் கொடுத்து, "உங்களுக்குப் பிடிச்சதை நீங்களே எடுத்துக்கோங்க" என்றார். வால் விரிந்ததாக, கலர் பளிச்சென்று இருந்ததாகப் பார்த்துப் பத்து மீன் எடுத்தேன். வீட்டில் தொட்டி வைத்து, செடி போட்டு, இரண்டு மாதம் காத்திருந்தேன். ஒரு குஞ்சு கூட வரவில்லை.

கீழ்வீட்டு அக்கா மாடியில் சிமெண்ட் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர். ஒருநாள் வந்து தொட்டியை ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, பத்தும் ஆம்பளைங்க. யாரு குட்டி போடுவா?" என்றார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் வண்ணமீன் வளர்த்து நாலு காசு பார்க்கலாம் என்று இறங்குகிற பலரும் சறுக்குவது இந்த முதல் படியில்தான். ஆண் எது, பெண் எது என்று தெரியாமல் வாங்குவது ஒரு தவறு. தெரிந்தும் சரியான வாரத்தில் பிரித்து வைக்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. அந்த இரண்டாவது தவறால் அதே அக்காவே ஆறு மாத உழைப்பை இழந்தார். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அடையாளம்.

எங்கே பார்க்க வேண்டும்?

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்கும் முட்டையிடாது. நேராகக் குட்டி போடும். இந்த நான்கிலும் ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். மீனின் வயிற்றுக்குப் பின்னால், அடிப்பக்கத்தில், குதத்தை ஒட்டி ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். அதற்குக் குதத் துடுப்பு என்று பெயர்.

* பெண்ணுக்கு: அந்தத் துடுப்பு விசிறி மாதிரி விரிந்து, முக்கோணமாக இருக்கும்.
* ஆணுக்கு: அதே துடுப்பு ஒடுங்கி, குச்சி மாதிரி நீண்டு, பின்னோக்கிப் படுத்திருக்கும். இதைக் கோனோபோடியம் என்பார்கள். இணை சேரும்போது விந்தைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்துவது இதுதான்.

கலரை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். கப்பியில் ஆண் சின்னதாக, கலராக, பெரிய வாலோடு இருக்கும். பெண் பெரிதாக, மங்கலாக இருக்கும். இது பொதுவாகச் சரி. ஆனால் இப்போது கடைகளில் கலர் உள்ள பெண் கப்பிகளும் வருகின்றன. பிளாட்டியிலும் மோலியிலும் இரண்டு பாலும் ஒரே கலரில் இருக்கும். துடுப்பு மட்டும் பொய் சொல்லாது.

இன்னொரு அடையாளம் கர்ப்பப் புள்ளி. பெண்ணின் வயிறு முடியும் இடத்தில், குதத் துடுப்புக்குச் சற்று மேலே, கருமையாக ஒரு திட்டு தெரியும். சினை முற்ற முற்ற அது பெரிதாகி, கறுத்துக்கொண்டே வரும். உடம்பே கறுப்பாக உள்ள மோலியில் இது தெரியாது. வெளிறிய நிற மீன்களில் கறுப்புக்குப் பதில் ஆரஞ்சு நிறமாக இருக்கும்.

உங்கள் போனே பூதக்கண்ணாடி

கப்பி ஒரு இடத்தில் நிற்காது. மூன்று சென்டிமீட்டர் மீனின் துடுப்பை வெறும் கண்ணால் பார்ப்பது கஷ்டம். கையில் இருக்கும் போனை இப்படிப் பயன்படுத்துங்கள்:

1. ஒடுக்கமான, வளைவில்லாத ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, ஒரே ஒரு மீனை விடுங்கள்.
2. பின்னால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள்.
3. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும்.
4. போட்டோவுக்குப் பதில் ஸ்லோ மோஷன் வீடியோ அரை நிமிஷம் எடுங்கள். மீன் பக்கவாட்டில் திரும்பும் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்களும் இதையே செய்யலாம். அழகான போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பாமல், "பக்கவாட்டில் தெரியுற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்க" என்று கேளுங்கள். தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

மற்ற மூன்றும்

மோலியில், பாய்மர மோலி வகை ஆணின் முதுகுத் துடுப்பு பெரிதாகப் பாய் மாதிரி எழும். மற்ற மோலி வகைகளில் குதத் துடுப்பைத்தான் பார்க்க வேண்டும். பிளாட்டியும் அப்படியே.

வாள்வாலில் ஆணின் வால் துடுப்பின் கீழ்ப்பகுதி வாள் போல நீளும். இதில் ஒரு குழப்பம் உண்டு. பெண் என்று நினைத்து வளர்த்த பெரிய மீனுக்குத் திடீரென்று வாள் முளைக்கும். "பொண்ணு ஆணா மாறிடுச்சு" என்று ஊரில் சொல்வார்கள். பொதுவாக அது தாமதமாக வயதுக்கு வந்த ஆண்தான். அதனால் வாள் இல்லை என்ற ஒரே காரணத்தால் பெண் என்று முடிவு கட்டாதீர்கள். கர்ப்பப் புள்ளியும் விசிறித் துடுப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குட்டி எடுப்பது எப்படி?

குட்டி போடும் மீன்களுக்கு உப்புத்தன்மை கொஞ்சம் கூடிய, கடினமான தண்ணீர் ஒத்துவரும். நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் இவற்றுக்குச் சரியாகவே இருக்கும். குழாயில் வரும் குளோரின் கலந்த தண்ணீர் என்றால், அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரின் நீக்கும் மருந்து விட்டோதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். ஹீட்டர் நம் சமவெளியில் பெரும்பாலும் தேவைப்படாது.

ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் விடுங்கள். ஆண் கூடினால் ஓயாமல் துரத்தியே பெண் மீனைச் சோர்வடையச் செய்துவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வேலம்பாசி மாதிரி அடர்ந்த நீர்ச்செடியும் இருக்கட்டும்.

இணை சேர்ந்து சுமார் மூன்று முதல் நாலரை வாரத்தில் கப்பி குட்டி போடும். வயிறு பக்கவாட்டில் சதுரமாகத் தெரிந்தால், இன்னும் சில நாள்தான் என்று அர்த்தம். இளம் பெண் முதல் ஈட்டில் குறைவாகவும், வளர்ந்த பெண் 20 முதல் 50 வரையும் குட்டி போடும். குட்டி போட்ட தேதியைப் போன் காலண்டரில் குறித்து, 25-ம் நாளுக்கு ஒரு அலாரம் வையுங்கள். அடுத்த ஈட்டைத் தவறவிட மாட்டீர்கள்.

தாயே குட்டியைத் தின்றுவிடும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அதன் கண்ணுக்கு அசைவதெல்லாம் இரை. குட்டிகள் செடிக்குள் ஒளிந்துகொள்ளும். காலையில் ஒரு டம்ளரால் அள்ளி வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். வலையால் பிடித்தால் நசுங்கும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுங்கள். பொரித்த ஆர்ட்டீமியா சிறந்தது. இல்லாவிட்டால் மீன் உணவைப் பவுடராக நுணுக்கிப் போடலாம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிவதும் உண்டு. ஆனால் கைப்பிடி அளவு போட்டால் தண்ணீர் ஒரே நாளில் கெட்டுவிடும். ஊசி முனையளவு போதும்.

நாலாவது வாரம் தவறினால்

இப்போது அந்த அக்கா கதை. சுய உதவிக் குழுவில் கடன் எடுத்து, சிவப்பு வால் கப்பியில் ஒரு நல்ல ஜாதி வாங்கினார். குட்டிகள் நன்றாக வந்தன. இடம் பற்றாக்குறை. எனவே சிவப்பு வால் குட்டிகளையும் சாதாரணக் கலப்புக் குட்டிகளையும் ஒரே சிமெண்ட் தொட்டியில் விட்டு வைத்தார். இரண்டு மாதம் ஆனதும் சிவப்பு வால் ஆண்களையும், அந்த ஈட்டுப் பெண்களையும் தனித் தொட்டிக்கு எடுத்தார்.

அடுத்த ஈட்டில் பாதிக் குட்டிகளுக்குப் புள்ளி வால், கோடு வால், வாலே சின்னது. வாங்க வந்த வியாபாரி பார்த்துவிட்டு, "இது கலப்பு மால்க்கா. ஜாதி விலை தர முடியாது" என்று போய்விட்டார். தவணைக்குப் பணம் வேறு இடத்தில் புரட்ட வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். பெண் கப்பி ஒருமுறை இணை சேர்ந்தால் அந்த விந்தை உடம்புக்குள் பல மாதம் சேமித்து வைத்திருக்கும். ஆணே இல்லாத தொட்டியில் விட்டாலும் அடுத்தடுத்துச் சில ஈடு குட்டி போடும். அக்கா எடுத்த பெண்கள் அதற்கு முன்பே கலப்பு ஆண்களோடு சேர்ந்திருந்தன. புதுத் தொட்டியில் சிவப்பு வால் ஆணை விட்டும் பழைய விந்தும் வேலை செய்தது. பெண்ணின் உடம்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எனவே பிரிக்கும் நாள்தான் முக்கியம்:

* மூன்றாவது வாரம்: பெண் குட்டிகளின் வயிற்றோரம் கருமை லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். அவற்றைத் தனியே எடுங்கள்.
* நாலாவது வாரம்: ஆண் குட்டிகளின் குதத் துடுப்பு ஒடுங்க ஆரம்பிக்கும். கலர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். துடுப்பு மாறுவதுதான் முதல் எச்சரிக்கை.
* அடுத்த இரண்டு வாரம்: பெண் தொட்டியை மூன்று நாளுக்கு ஒருமுறை போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஒரு ஆண் தப்பி இருந்தாலும் அந்தத் தொட்டிப் பெண்களை இனவிருத்திக்கு நம்ப முடியாது.

பெண் மூன்று நான்கு மாதம் வளர்ந்த பிறகு, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆணோடு சேருங்கள். ஒரே தாய்க் குட்டிகளுக்குள்ளேயே பல தலைமுறை சேர்த்துக்கொண்டே போனால் மீன் சிறுத்து, முதுகு வளைந்து, நோய்க்கு எளிதில் விழும். சில தலைமுறைக்கு ஒருமுறை வேறு இடத்திலிருந்து அதே ஜாதி ஆணைக் கொண்டு வாருங்கள். வந்த மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

முட்டையிடும் மீன்கள்

*ஃபைட்டர்:* ஆணுக்கு நீண்ட துடுப்பு, அடர்ந்த கலர். பெண்ணுக்குக் குட்டைத் துடுப்பு. வயிற்றடியில் உப்பு மணி போல வெள்ளைப் புள்ளி இருக்கும். இரண்டு ஆணை ஒரே தொட்டியில் விடவே கூடாது. அரை அடித் தண்ணீரில் ஒரு நாட்டு வாதுமை இலையை மிதக்க விட்டு ஆணை விடுங்கள். பெண்ணை ஒரு கண்ணாடி டம்ளரில் வைத்து அதே தொட்டிக்குள் காட்டுங்கள். ஆண் வாயால் நுரைக் கூடு கட்டும். பெண்ணின் உடம்பில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு வந்தால் தயார் என்று பொருள்; அப்போதுதான் திறந்து விட வேண்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண் கடித்துக் கொன்றுவிடும். முட்டையைக் காவல் காப்பது அப்பாதான். ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். குஞ்சுகள் கூட்டில் தொங்குவதை விட்டுப் படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்ததும் ஆணையும் எடுத்துவிடுங்கள்.

ஃபைட்டர் குஞ்சு மிகச் சின்னது. ஆர்ட்டீமியாவை முதல் சில நாள் தின்ன முடியாது. குளத்து நீரில் வாழைப்பழத் தோலைப் போட்டுச் சில நாள் வைத்தால் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்கள் பெருகும். அதைத் துளித்துளியாக விடுங்கள். அந்தப் பாட்டிலின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவது கட்டாயம். மீன் இல்லாத தேங்கிய நீர் எதுவானாலும் கொசுவுக்கு வீடு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும்.

*தங்கமீன்:* இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாகச் சின்ன முள் போலப் புள்ளிகள் வரும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடுகிறார்கள். புள்ளி உடம்பெல்லாம் பரவினால்தான் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பெண்ணின் வயிறு உருண்டையாக, மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் புடைத்துத் தெரியும். முட்டை செடியில் ஒட்டிக்கொள்ளும். செடியோடு எடுத்து வேறு தொட்டியில் வையுங்கள்.

*ஜீப்ரா:* ஆண் ஒல்லி. நீலக் கோடுகளுக்கு நடுவே பொன் சாயல் இருக்கும். பெண் வயிறு பருத்து, வெள்ளியாக இருக்கும். விடியற்காலை வெளிச்சம் பட்டதும் முட்டையைச் சிதறும். சிதறிய கையோடு தின்னவும் ஆரம்பிக்கும். தொட்டித் தரையில் கோலிக்குண்டு பரப்பி வைத்தால் முட்டை இடுக்குக்குள் விழுந்து தப்பிக்கும்.

*ஏஞ்சல்:* இதில் வெளியே பார்த்து ஆண் பெண் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம். "இது ஜோடி" என்று யாராவது கூடுதல் விலை கேட்டால், அவை முட்டையிட்டுக் குஞ்சு எடுத்ததைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இரண்டு பெண்களே ஜோடி போல நடந்து முட்டையிடுவதும் உண்டு; அது பொரிக்காது. ஆறு குட்டி வாங்கி ஒன்றாக வளர்த்து, அவையே ஜோடி சேர விடுவதுதான் நம்பிக்கையான வழி.

தொழிலாகச் செய்யப் போகிறீர்களா?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே பல குடும்பங்கள் இந்தத் தொழிலில் இருக்கின்றன. ஆனால் தொட்டி கட்டும் முன்பே, உங்கள் மீனை வாங்கப் போவது யார், என்ன அளவில், என்ன விலைக்கு என்று கேட்டு வையுங்கள். குட்டி பெருகிய பிறகு ஆள் தேடினால் விலையை அவர்தான் சொல்வார்.

அரசு சேவைகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

* மானியம்: 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் அலகு மதிப்பாக வைக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். உங்கள் மாவட்டத்தில் இப்போது விண்ணப்பம் பெறுகிறார்களா, மானியம் எந்தக் கட்டத்தில் கணக்குக்கு வரும் என்று மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்ட பிறகே கடன் வாங்குங்கள்.
* தொழில் பதிவு: சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு போனிலேயே செய்யலாம். கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல.
* பயிற்சி: உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களிலும் வண்ணமீன் பயிற்சி நடக்கிறதா என்று கேளுங்கள்.
* ஏமாந்தால்: பொருள் சரியில்லை, பணம் திரும்பவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் மோசடி போனால் உடனே 1930. சம்பந்தப்பட்ட மெசேஜ், வீடியோ எதையும் அழித்துவிடாதீர்கள்.

மிஞ்சிய மீனை ஏரியில் விடாதீங்க

மாதம் 30 குட்டி போடும் மூன்று பெண்கள் இருந்தால், ஒரு மாதத்திலேயே 90 குட்டி. தொட்டி நிரம்பியதும் "பாவம், ஏரியில விட்டுடலாம்" என்று தோன்றும். செய்யாதீர்கள். கப்பி தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி மீன். நம் ஊர் மீன் அல்ல. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் வெளியே விடப்பட்ட சக்கர் மீன் இன்று சென்னைப் பகுதி நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையில் விழுந்து வலையைக் கிழிக்கிறது. ஒருமுறை உள்ளே போன மீனைத் திரும்ப எடுக்க முடியாது. ஆண் பெண்ணைப் பிரித்து வைக்கத் தெரிந்தால் இந்தப் பிரச்சினையே வராது. பிரித்து வைத்தும் மிஞ்சினால் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், கடைக்குக் கொடுங்கள்.

அக்காவின் மாடியில் இப்போது இரண்டு தொட்டிகளுக்குப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கிறது: ஒன்றில் "ஆ", இன்னொன்றில் "பெ". போன மாதம் அதே வியாபாரி வந்து, வீடியோவைப் பார்த்து, கலப்பு இல்லை என்று சொல்லி ஒரு ஈட்டை எடுத்துப் போனார். என்னுடைய பத்து ஆண்களுக்கு அக்கா தந்த ஆறு பெண்கள் வந்து சேர்ந்தன. மிஞ்சிய ஆண்களை அவரிடமே கொடுத்துவிட்டேன். நேற்றுக் காலை 25-ம் நாள் அலாரம் அடித்தது. செடிக்குள் எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு. மூன்றாவது வாரத்துக்கு இன்னொரு அலாரம் வைத்திருக்கிறேன்.